மாடு உன்னுது, மூக்கணாங்கயிறு யார் கையில?

வா மாப்ளே, வா. திண்ணையில இப்படி உக்காரு. மொகமென்ன, சந்தைக்கு ஓட்டிட்டுப் போன மாடு விலை போகாமத் திரும்புன மாதிரி இருக்குது? அத்தை மோர் கொண்டாருவா. குடிச்சுப்போட்டுச் சாவகாசமாச் சொல்லு. எழுபத்தாறு வயசுல எனக்கென்ன சோலி? நான் எங்கயும் ஓடிப்போக மாட்டேன்.

ஓகோ. வெப்சைட்டுப் பேர எவனோ வாங்கிப்போட்டானா? ரெண்டரை மாசத்துக்கு முந்தி உன்ற கடையத் தொறந்தா செக்கெண்ணெய்க்குப் பதிலாக் கடன் வேணுமா, மூட்டுவலித் தைலம் வேணுமான்னு வெளம்பரமா வந்துச்சு, அப்பறம் தொறக்கவே இல்ல, இப்பப் பாத்தா பேரே கைமாறிப் போச்சு. வாங்கினவன் யாருன்னு தேடிப் பாத்தா மொகத்த மூடிக்கிட்டு இருக்கறானா? அட கெரகமே! எந்த ஆகாவழியோ, எங்க இருக்கறானோ, ஆருக்குத் தெரியும்.

இத பாரு மாப்ளே, எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரமெல்லாம் ஒண்ணும் தெரியாது. நாப்பத்தொரு வருசம் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல உக்காந்து பத்திரம் எழுதுனவன் நான். சொத்துன்னு எவன் வந்து நின்னாலும் மொதல்ல ஒரே கேள்விதான் கேப்பேன். யார் பேர்ல இருக்குது?

"காசு நாந்தானுங்க மாமா கட்டுனேன்"ங்கறே. அதயா கேட்டேன்? காசு கட்டுன கத சொல்றேன் கேளு. காங்கயத்துப் பக்கம் ஒருத்தர், வெளிநாட்டுல பாடுபட்டுச் சேத்த காசுல கெணத்தோட நாலு ஏக்கரா வாங்குனாரு. ஊருல இருக்கறவன் பேர்ல இருந்தாச் சவுரியம்னு மச்சான் பேர்ல எழுதச் சொன்னாரு. வேண்டாமுங்கன்னு ஒரு வார்த்தை சொன்னேன். "மச்சான் தங்கமானவன்"னாரு. தங்கந்தான், நானும் ஒத்துக்கறேன். ஆனா மச்சான் மவனுக்குப் பொண்ணு பாக்கப் போனப்ப, பையனுக்கு நாலு ஏக்கரா இருக்குதுன்னு தரகன் சொல்லிப்போட்டான். சொன்னது பொய்யில்லையே, பத்திரத்துல அப்படித்தான இருக்குது. இவரு ஒரு மஞ்சப்பை நெறைய ரசீதத் தூக்கிக்கிட்டு எங்கிட்ட வந்தாரு. மோட்டார் வாங்குன ரசீது, கம்பிவேலி போட்ட ரசீது, சொட்டுநீர்க் கொழாய் ரசீது. அத்தன ரசீதையும் வச்சு ஒரு வரப்பக்கூட அவரால திருப்ப முடியல.

இப்ப உன்ற பத்திரத்தப் பாப்போம். வெப்சைட்டுப் பேரு, அதான் அந்த டொமைனு, யார் பேர்ல எடுத்தது? வெப்சைட் பண்ணிக் குடுத்த தம்பி பேர்ல. எந்த மெயிலு? அவரு மெயிலு. சர்வர் எடம்? அவரே மொத்தமா வாங்கி வச்சு, அதுல உனக்கொரு மூலை ஒதுக்கிக் குடுத்திருந்தாரு. ஃபேஸ்புக் பேஜு? அவரு ஐடியில தொறந்தது. கூகுள் மேப்புல உன்ற கடை? அதுவும் அவருதான். கடை வாட்ஸ்அப் நம்பரு? "அவசரத்துக்கு அவரு பேர்ல ஒரு சிம் வாங்கிக் குடுத்தாருங்க." டொமைனு, பேஜுக்கெல்லாம் ஓடிபி வந்தா? "அவரு போனுக்குப் போகும், கேட்டாச் சொல்லுவாருங்க." சபாசு. உன்ற பேர்ல என்னதான் மாப்ளே இருக்குது? கரண்டு பில்லு ஒண்ணுதானா?

அந்தத் தம்பி இப்ப செர்மனியில. ரெண்டு மாசம் முந்தி "பாத்துக்கறேண்ணா"ன்னு ஒரு மெசேஜு, அதோட சரி. அவனத் திருடன்னு சொல்லாதே, நான் ஒத்துக்க மாட்டேன். கேட்டிருந்தா அன்னைக்கே உன்ற பேர்ல எழுதிக் குடுத்திருப்பான். நீதான் "அதெல்லாம் நீங்களே பாத்துக்கங்க தம்பி, எனக்குத் தலவலி"ன்னு சொல்லியிருப்பே. மாடு உன்னுது, தவுடு உன்னுது, புண்ணாக்கு உன்னுது, மூக்கணாங்கயிறு மட்டும் அவன் கையில. அவன் கயித்தக் கீழ போட்டுட்டு ஏரோப்ளேன் ஏறிட்டான். மாடு மேய்ச்சலப் பாத்துப் போயிருச்சு.

இதுல இன்னொரு கூத்து இருக்குது. அந்தப் பேர நீ "வாங்கி"ப்போட்டதா நெனைச்சுக்கிட்டிருந்தே பாரு, அதுவே தப்பு. டொமைனுங்கறது கெரயம் இல்ல மாப்ளே, குத்தகை. டாட் காம் பேர ஒரே மூச்சுல பத்து வருசத்துக்கு மேல எவனாலயும் எழுதி வாங்க முடியாது, கோடீசுவரனா இருந்தாலும் சரி. டாட் இன் பேருக்கு டெல்லியில நிக்சின்னு ஒரு ஆபீசு இருக்குது, அவங்கதான் மேலதிகாரி. டாட் காமுக்கெல்லாம் மேல அமெரிக்காவுல ஐகான்னு ஒரு அமைப்பு, 1998ல ஆரம்பிச்சது. குத்தகைப் பணம் நேரத்துக்குக் கட்டுற வரைக்கும் உன்ன எந்திரின்னு சொல்ல ஆளில்ல. கெடு தவறுனா, ஒடனே ஒண்ணும் புடுங்கிக்க மாட்டாங்க. பதிவு பண்ணிக் குடுத்த கம்பெனி 45 நாள் வரைக்கும் பொறுக்கும். இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சிலது அதுக்குள்ளயே ஏலம் போட்டுரும். அப்பறம் 30 நாள் மீட்புக் காலம், தண்டத்தோட கட்டிக் காப்பாத்திக்கலாம். அப்பறம் 5 நாள் ஆரும் தொட முடியாது. அதுக்கப்பறம் அவுத்துவுட்ட கழுதை. எவன் மொதல்ல புடிக்கறானோ அவனுக்கு.

முன்கூட்டிச் சொல்லாம வுட்டுட்டாங்களா? அதுவும் இல்ல. கெடுவுக்கு ஒரு மாசம் முந்தி ஒரு கடுதாசி, ஒரு வாரம் முந்தி ஒரு கடுதாசி, கெடு முடிஞ்சப்பறம் இன்னொண்ணு அனுப்போணும்னு ஐகான் சட்டமே போட்டிருக்குது. மூணும் ஒழுங்கா வந்திருக்கும். தம்பி எப்பவோ மறந்துபோன ஒரு பழைய மெயிலுக்கு. உங்க ஊட்டு எழவுச் சேதிய பக்கத்து ஊருப் பூட்டுன ஊட்டுக் கதவுல ஒட்டிட்டுப் போன மாதிரி.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறயா? பேத்தி கோயமுத்தூருல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கறாளே, அவதான் சொன்னா. போன மாசம் உன்ற கிட்ட நல்லெண்ணெய் ஆர்டர் போடலாம்னு தொறந்திருக்கறா, கடன் வேணுமான்னு கேட்டிருக்குது. "தாத்தா, மாமா கடைய வட்டிக்கடை ஆக்கிட்டாங்களா"ன்னு போன் போட்டுக் கேட்டா. அன்னைல இருந்து அவளுக்கு ஒரே வெசனம். போன வாரத்துல ஒரு ராத்திரி பன்னண்டரை வரைக்கும் லேப்டாப்பப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா. எதுக்கா? அது கெடக்குது, மோரக் குடி.

பேரு திருட்டுப்போன கத ஒண்ணு சொல்லோணும். கொஞ்சம் குனி, அத்தை காதுல வுழுந்தா வெளக்குமாத்தத் தூக்கிருவா. அமெரிக்காவுல கேரி கிரெமன்னு ஒருத்தரு. வரன் பாக்குற வெப்சைட்டு, மேட்ச் டாட் காம், அத ஆரம்பிச்ச ஆளு. 1994ல அவரு ஒரு பேரு பதிவு பண்ணுனாரு. செக்ஸ் டாட் காம். சிரிக்காதே! அப்பெல்லாம் டொமைனுக்குக் காசே கெடையாது, கேட்டவனுக்குச் சும்மா குடுத்தாங்க. இவரும் எழுதி வாங்கி மூலையில போட்டு வச்சிருந்தாரு. அங்க ஸ்டீபன் கோஹன்னு ஒரு எத்தன். வக்கீல் வேசம் போட்டு ஏமாத்துன கேசுல உள்ள போயிட்டு அப்பத்தான் வெளிய வந்திருக்கறான். 1995ல பதிவு பண்ற கம்பெனிக்கு ஒரு கடுதாசி காட்டுனான். கிரெமனோட கம்பெனியே எழுதுன மாதிரி கள்ளக் கடுதாசி. கிரெமன நாங்க வேலைய வுட்டு எடுத்தாச்சு, அந்தப் பேர கோஹனுக்கே குடுத்துப்போடுங்க, எங்களுக்கு இண்டர்நெட் வசதி இல்லாததுனால கடுதாசிய கோஹன் கையில குடுத்தனுப்பறோம். இதுதான் சாராம்சம். கடுதாசி எழுதுனதா இருக்கற கம்பெனியோட பேரு என்ன தெரியுமா? ‘ஆன்லைன் கிளாசிஃபைட்ஸ்’. ஆன்லைன்னு பேர வச்சுக்கிட்டு இண்டர்நெட்டு இல்லையாமா! நாப்பத்தொரு வருசத்துல நான் பாக்காத கள்ளப் பத்திரமா? ஆனா இப்படியொரு கூச்சமே இல்லாத பத்திரத்த நானும் பாத்ததில்ல. பதிவு பண்ற கம்பெனி கிரெமனுக்கு ஒரு போன் போட்டுக் கேக்கோணுமில்ல? கேக்கல. பேரத் தூக்கி கோஹனுக்குக் குடுத்துருச்சு.

அவன் அத வச்சு அள்ளு அள்ளுன்னு அள்ளிட்டான். கிரெமன் கோர்ட்டுப் படியேறி, அஞ்சு வருசம் கழிச்சு 2000 கடேசியில பேர மீட்டாரு. 2001ல கோஹன் ஆறரைக் கோடி டாலர் கட்டோணும்னு தீர்ப்பாச்சு. கட்டுனானா? மெக்சிகோவுக்கு ஓடிட்டான். கிரெமன் அதோட வுடல, ஏமாந்த அந்தப் பதிவுக் கம்பெனி மேலயும் கேசு போட்டாரு. "பேருங்கறது கைல புடிச்சுப் பாக்கற பொருளா, அதெப்படிச் சொத்தாகும்"னு அவங்க வாதம் பண்ணுனாங்க. 2003ல மேல்கோர்ட்டு, சொத்துதான், அத ஏமாந்து ஊரான் கையில குடுத்தா நீ பொறுப்புன்னு சொல்லிருச்சு. நம்ம சுப்ரீம் கோர்ட்டும் 2004ல சத்யம் இன்ஃபோவே கேசுல, டொமைனுக்கும் டிரேட்மார்க் மாதிரி பாதுகாப்பு உண்டுன்னு சொன்னது. குத்தகைதான், ஆனா அனுபவ பாத்தியதை உள்ள குத்தகை. அதனால கோர்ட்டுக்குப் போனா உனக்கும் நாயம் கெடைக்கும் மாப்ளே. நீ கிரெமனா இருந்தா. பத்திரத்துலதான் உன்ற பேரே இல்லையே! நீ எதக் காட்டுவே, ரசீதயா?

ரொம்பவும் வெசனப்படாதே, உன்னவிடப் பெரிய தலையெல்லாம் இதுல சறுக்கியிருக்குது. மைக்ரோசாஃப்ட்டு இருக்குதே, 1999 டிசம்பர்ல ஹாட்மெயில் லாகினுக்கு வச்சிருந்த பாஸ்போர்ட் டாட் காமுக்கு 35 டாலர் கட்ட மறந்துருச்சு. கிறிஸ்துமஸ் சமயத்துல சனங்க மெயிலத் தொறக்க முடியாமத் தவிச்சப்ப, சம்பந்தமே இல்லாத ஒரு புரோகிராமர் தன்ற கார்டுல இருந்து அந்தக் காசக் கட்டித் தொறந்துவுட்டாரு. கூகுளு? 2015 செப்டம்பர்ல நம்ம குஜராத்து மாண்டவிக்காரர் ஒருத்தரு, கூகுள் கடையிலயே google.com-ங்கற பேர 12 டாலருக்கு வாங்கிப்போட்டாரு. ஒரே நிமிசம். அடுத்த நிமிசம் ரத்துப் பண்ணிட்டாங்க, அப்பறம் 6,006 டாலர் 13 சென்ட் பரிசு குடுத்தாங்க. அந்த எண்ண இங்கிலீசுல எழுதிக் கண்ணச் சுருக்கிப் பாத்தா ‘கூகுள்’னு தெரியுமாமா. அவரு அதத் தருமத்துக்குக் குடுக்கறேன்னாரு, கூகுள் ரெட்டிப்பாக்குச்சு. உன்ற பேர வாங்கினவன் அந்த மாதிரி நல்லவனா இருக்கோணும்னு வேண்டிக்க. நம்ம மாரியாத்தாளுக்கு ஒரு தேங்கா ஒடச்சாலும் சரி.

"பேரு போனாப் போவுதுங்க மாமா, இன்ஸ்டாவுல இருபதாயிரம் பேரு இருக்கறாங்க"ங்கறயா? இப்பத்தான் எனக்கு நெசமாவே பயமா இருக்குது.

இரவல் சீலைய நம்பி இடுப்புக் கந்தைய எறிஞ்சவ கத உனக்குத் தெரியாதா? இன்ஸ்டா, ஃபேஸ்புக்கு, யூட்யூபு எல்லாம் பொறம்போக்கு மாப்ளே. பொறம்போக்குல கடை போடறதத் தப்புங்கல. பஸ் ஸ்டாண்டு பொறம்போக்குல பஜ்ஜிக்கடை போட்டு ரெண்டு பொண்ணக் கட்டிக்குடுத்தவங்க இருக்கறாங்க. ஆனா அவுங்க அங்க மாடி கட்ட மாட்டாங்க. நீ மாடி கட்டி, கிரகப்பிரவேசத்துக்கு ஒறம்பரையெல்லாம் கூப்புட்டு, சோறும் போட்டுட்டே.

2020 ஜூன் 29 ஞாபகம் இருக்குதா? சாயங்காலம் வரைக்கும் டிக்டாக்குல ஆடிக்கிட்டிருந்த சனம், ராத்திரி சேதியில கேக்குது, 59 ஆப்புக்குத் தடை. அதுல டிக்டாக்கும் ஒண்ணு. நம்ம பக்கமே எத்தன பேரு அத நம்பிச் சேல வித்தாங்க, பாத்திரம் வித்தாங்க. பாத்தவங்க லச்சக்கணக்குல இருந்தாங்க, ஒருத்தர் போன் நம்பர் இவுங்க கையில இல்ல. அடுத்த வருசம் அக்டோபர் 4ந் தேதி, ராத்திரி ஒம்பது மணிக்கு மேல ஃபேஸ்புக்கு, வாட்ஸ்அப்பு, இன்ஸ்டா மூணும் சேந்தாப்புல ஆறு மணி நேரம் படுத்துருச்சு. தடையும் இல்ல ஒண்ணும் இல்ல, அவங்க வேலைக்காரங்க செஞ்ச ஒரு கோளாறு. ஆர்க்குட்டு ஞாபகம் இருக்குதா? நீ காலேசுல படிக்கறப்ப ராத்திரியெல்லாம் அதுலதான குடியிருந்தே, ஒரு பொண்ணுக்கு... சரி சரி, அத்தை வர்றா. 2014 செப்டம்பர் 30ல இழுத்து மூடிட்டாங்க.

இதெல்லாங்கூடப் பரவால்ல. கூகுள்ல கடை பேரப் பதிஞ்சா அவங்களே ஓசியில ஒரு வெப்சைட்டு பண்ணிக் குடுத்தாங்களே, business.site-னு கடேசியில வரும். மளிகைக் கடை, பெயிண்டுக் கடை, டியூசன் சென்டருன்னு எத்தன பேரு அந்த விலாசத்த நம்பி விசிட்டிங் கார்டு அடிச்சு, ஆட்டோ முதுகுல எழுதி வச்சாங்க. 2024 மார்ச்சுல மூடிட்டாங்க. ஜூன் 10 வரைக்கும் அந்தப் பக்கம் வந்தவங்களக் கை புடிச்சு அக்கட்டால வுட்டாங்க, அதுக்கப்பறம் அதுவும் இல்ல. இதுல கூகுள் மேல என்ன குத்தம்? ஓசியில குடுத்த எடம், எந்திரின்னா எந்திரிக்கோணும். குத்தம் ஆட்டோ முதுகுல இருக்குது.

சந்தைக்குப் போகாதேன்னு நான் எங்க சொன்னேன்? போ. தண்டோராப் போடு, குட்டிக்கரணம் வேணும்னாலும் அடி. ஆனா சந்தையில பாத்த வாடிக்கைய ஊட்டுக்குக் கூட்டியாரோணும். உன்ற கிட்ட எண்ணெய் வாங்குனது எத்தன பேரு? நாலாயிரமா? அவுங்க பேரு, போனு, விலாசம் எங்க இருக்குது? அந்த வெப்சைட்டுக்குள்ள இருந்துச்சா! செத்தோம் போ.

உங்க அம்மாயி செக்கு ஓட்டுனப்ப ஒரு நீளக் கணக்கு நோட்டு வச்சிருந்தாங்க. படிப்பு ரெண்டாங் கிளாசு. ஆராரு ஊட்டுல எத்தன படி, எந்த மாசம் தீரும், எந்த ஊட்டுல பொண்ணு மாசமா இருக்கறா, அங்க நல்லெண்ணெய் கூடச் செலவாகும், அத்தனையும் அதுல இருக்கும். செக்கு மாடு செத்துப்போச்சு, செக்கையும் வித்தாச்சு, வேற எடத்துல ஆட்டி வாங்கி விக்கலாம்னு ஆரம்பிச்சப்ப, அந்த நோட்டு ஒண்ண வச்சே ரெண்டு மாசத்துல யாவாரத்த நிமுத்திட்டாங்க. நீ அந்தம்மா பேரத்தான கடைக்கு வச்சே? நோட்டு மட்டும் உனக்குத் தேவப்படல. மாசத்துக்கு ஒருக்கா அந்த வாடிக்கைப் பட்டியல எறக்கி ஒரு எக்செல்லு பண்ணி, உன்ற கிட்ட ஒண்ணு, எங்கிட்ட ஒண்ணு வச்சிருந்தா, இன்னிக்கு இந்தத் திண்ணையில வந்து மூக்கச் சிந்த வேண்டியதில்ல. கேட்டு வாங்குன நம்பரு, எண்ணெய் சமாச்சாரத்துக்கு மட்டுந்தான் போன் போடோணும், அதையும் சொல்லிப்போட்டேன். காலங்காத்தால குட்மார்னிங் அனுப்புனா அவனே ஓடிப்போயிருவான்.

வேலைக்காரனுக்குச் சாவி குடுக்கவே கூடாதான்னு கேப்பே. குடுக்கலாம். பவர்ப் பத்திரத்துக்கும் கெரயப் பத்திரத்துக்கும் வித்தியாசம் தெரியுமில்ல? பவர்னா, என்ற தோட்டத்த நீ பாத்துக்க, நான் எப்ப வேணும்னாலும் ரத்துப் பண்ணுவேன்னு அர்த்தம். ஃபேஸ்புக்குல, கூகுள்ல, டொமைன் கணக்குல எல்லாத்துலயும் அந்த வசதி இருக்குதாமா. சொந்தக்காரன்னு நீ இருந்துக்கிட்டு, போட்டோப் போடறவனுக்கு அதுக்கு மட்டும், வெளம்பரம் பாக்கறவனுக்கு அதுக்கு மட்டும்னு பவர் எழுதிக் குடுக்கலாம். நம்ம ஆளுங்க செய்யறது என்ன? பாஸ்வேர்ட அப்படியே தூக்கிக் குடுத்துர்றது. இல்லீனா அட்மின் ஆக்கிவுட்டுர்றது. பேஜுல முழு அட்மினு இன்னொரு முழு அட்மினத் தூக்கி வெளிய வீசலாம் மாப்ளே, ஊட்டுக்காரனையே வீசலாம். நம்ம வெள்ளகோயில்க்காரர் ஒருத்தரு கடைப் பையன வேலைய வுட்டு நிறுத்துனாரு காலையில. மத்தியானம் பையன் அவரப் பேஜ வுட்டு நிறுத்திட்டான்.

சிம்மு சமாச்சாரத்துக்கு வா. பாங்கிக் கணக்கு, மெயிலு, டொமைனு, எல்லாத்துக்கும் கடேசிக் கதவு அந்த ஆறு எண்ணு ஓடிபிதான். அது யார் போனுல வுழுவுதோ அவன்தான் மொதலாளி. உன்ற நம்பரு செர்மனிக்காரன் பேர்ல இருக்குது. பிரீபெய்டு சிம்ம 90 நாள் தொடாம வுட்டா கம்பெனிக்காரன் வெட்டிப்போடலாம், அப்பறம் அதே நம்பர வேற ஒருத்தனுக்குக் குடுப்பான். நீ தெனமும் பேசறதுனால வெட்ட மாட்டான், சரி. ஆனா தொலஞ்சுபோச்சுன்னு வை, புது சிம்மு கேட்டு எந்த ஆதாரக் கொண்டுபோயி நீட்டுவே?

அதவிட மோசம் ஒண்ணு பண்ணி வச்சிருந்தியே, பேத்தி சொல்லிச் சொல்லிச் சிரிக்கறா. கடை பேர்லயே ஒரு மெயிலு வச்சு, பாங்கிக்கும் இன்ஸ்டாவுக்கும் அந்த மெயிலத்தான் குடுத்திருக்கறயாமா. பேரு போனா அந்த மெயிலும் செத்துப்போகும். அதோட நின்னாப் பரவால்ல, பேர வாங்கினவன் அதே மெயில மறுபடி உசுப்பி, "பாஸ்வேர்டு மறந்துபோச்சு"ன்னு ஒரு தட்டுத் தட்டுனா, சாவியெல்லாம் அவன் ஊட்டு வாசல்ல வந்து வுழுவும். பெட்டிச் சாவியப் பெட்டிக்குள்ளயே வச்சுப் பூட்டுனது நீயாத்தான் இருக்கோணும். ஓடு, இன்னிக்கு ராத்திரியே அதயெல்லாம் வேற மெயிலுக்கு மாத்து. இல்ல உக்காரு, ஒண்ணும் அவசரமில்ல. எனக்குத் தெரிஞ்சு அவன் தட்ட மாட்டான்.

எப்படித் தெரியுமா? சும்மா ஒரு நம்பிக்கதான்.

வெதநெல்ல எங்க வைப்போம்? சாப்பாட்டு நெல்லு கெடக்கற குதிருலயேவா? பிரான்சுல ஸ்ட்ராஸ்பர்க்குனு ஒரு ஊரு. ஓவிஎச் கம்பெனியோட அஞ்சு மாடி சர்வர்க் கட்டடம் 2021 மார்ச் 10ந் தேதி எரிஞ்சு சாம்பலாச்சு. பேக்கப் இருக்குதுன்னு தெம்பா இருந்த சிலரு போய்க் கேட்டப்பத்தான் தெரிஞ்சுது, அந்தப் பேக்கப்பும் அதே கட்டடத்துலதான் இருந்திருக்குது. உன்ற வெப்சைட்டுப் பேக்கப்பு எங்க? "தம்பி லேப்டாப்புலங்க." லேப்டாப்பு? "செர்மனியிலங்க." நல்லது.

இன்னும் ஒரு கசப்பு மருந்து இருக்குது, அதயும் குடிச்சுரு. அந்தத் தம்பி எழுதிக் குடுத்த வெப்சைட்டு, அதுக்குள்ள இருக்கற எழுத்து, கோடு எல்லாம் காசு குடுத்ததால உன்னுதுன்னுதான நெனைப்பே? 1957 பதிப்புரிமைச் சட்டத்துல அப்படியில்ல. சம்பளத்துக்கு வச்ச ஆளு வேலையில எழுதுனா மொதலாளிக்கு. வெளியாளு எழுதுனா, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரைக்கும், எழுதுனவனுக்கே. உனக்கு வேணும்னா கையெழுத்துப் போட்டு எழுதி வாங்கோணும். அப்படி எழுதயிலயும் எத்தன காலத்துக்குன்னு போடாம வுட்டா அஞ்சு வருசந்தான் செல்லும். எங்களுக்கு இதெல்லாம் பழக்கம். "என்றென்றைக்கும், சர்வ சுதந்திர பாத்தியமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய்"னு நாங்க எழுதறப்ப நீங்க சிரிச்சீங்க. அதுல ஒவ்வொரு வார்த்தையும் எவனோ ஒருத்தன் ஏமாந்ததுக்கு அப்பறம் சேந்தது மாப்ளே.

கடைப் பேருக்கு டிரேட்மார்க் எடுத்தயா? "பெரிய கம்பெனிக்குத்தானுங்க அதெல்லாம்." தனி ஆளா ஆன்லைன்ல போட்டா அரசாங்கக் கட்டணம் 4,500 ரூவா, ஒரு வகைப் பொருளுக்கு. கெடைச்சா பத்து வருசத்துக்குச் செல்லும், மறுபடி புதுப்பிச்சுக்கலாம். போன தீவாளிக்கு வெடிக்கு எவ்வளவு வச்சே? ஆறாயிரமா? அதான் கேட்டேன்.

செரி, மணி ஆச்சு. அத்தை சோத்துக்குக் கூப்புடப்போறா, அதுக்குள்ள முடிச்சுக்கலாம். நாலு நாளா எங்கெங்கயோ விசாரிச்சியாமா, அந்தப் பேர வாங்கினவன் எவன், எவ்வளவு கேப்பான்னு. கோயமுத்தூருல ஒரு புரோக்கரு ரெண்டு லச்சம் ஆகும்னானாமா? அடப்பாவி. என்ற வாழ்நாள்ல அவ்வளவு கமிசன் நான் பாத்ததில்ல.

அந்த அலமாரியத் தொற. பழைய பத்திரமெல்லாம் இருக்குதே, அதுக்கு மேல ஒரு கடுதாசி, பேத்தி பிரிண்ட் எடுத்துக் குடுத்தது. எடுத்துப் படி. சத்தமாப் படி, எனக்குக் கண்ணு தெரியாதில்ல.

என்ன, படிக்காம நிக்கறே?

ஆமா, என்ற பேருதான். அவ ராத்திரி பன்னண்டரை வரைக்கும் முழிச்சுக் கெடந்தது அதுக்குத்தான். அஞ்சு நாள் கெடு முடிஞ்சு பேரு அவுந்து வுழுந்ததும் புடிச்சுப்போட்டா. முட்டுவழி ஆயிரத்துக்குள்ள. எவனோ கடன்காரன் அந்தப் பேர்ல வெளம்பரம் போட்டப்ப உனக்கு யாவாரம் போச்சு, அவ்வளவுதான். உனக்கு அது கடை பேரு, அம்மாயி பேரு. எனக்கு அது என்ற அம்மா பேரு.

பேச்ச வளக்காதே. அதே பதிவுக் கம்பெனியில உன்ற சொந்த மெயில வச்சு ஒரு கணக்குத் தொற, கடை பேர்ல இருக்கற மெயிலு வேண்டாம். பேத்தி கணக்குல இருந்து உன்ற கணக்குக்கு மாத்திக் குடுப்பா. தானாப் புதுப்பிச்சுக்கற மாதிரியும் போட்டு வச்சுருவா, கார்டுல காசு இருக்கோணும், அவ்வளவுதான். சிம்முக்கு செர்மனிக்காரத் தம்பிகிட்ட நயமாப் பேசு, திட்டாதே, அவன் கையெழுத்து இன்னும் வேணும். நாளைக்கு வியாழக்கெழம, ஒண்ணரைக்கு ராகுகாலம், அதுக்கு முந்தி வந்துரு. பத்திரத் தாள் ஒண்ணு வாங்கி வை, கெரயம் நானே எழுதறேன், கை இன்னும் நடுங்கல. கெரயத் தொகை நல்லெண்ணெய், பதினஞ்சு கிலோ டின்னு ரெண்டு. கடலெண்ணெய் கொண்டாந்து ஏமாத்தலாம்னு நெனைக்காதே, ஊட்டுல முகந்து பாக்கறது உங்க அத்தை.